7.83 ஹெர்ட்ஸ் பெட்டி: ஆப் காட்டுறத நம்பி இன்னொண்ணு வாங்காதீங்க

கேள்வி: அம்மாவுக்கு ராத்திரி தூக்கம் வரலன்னு 7.83 ஹெர்ட்ஸ் ஷூமன் பெட்டி ஒண்ணு வாங்கினேன், நொடிக்கு 7.83 தடவை துடிக்கிற 'பூமியோட அலை'யைக் கிளப்பித் தூக்கம் வர வைக்கும்னு விக்கிறது. இந்த அலை அயனோஸ்பியருக்கு (ரொம்ப உயரத்துல இருக்கிற, மின்சாரம் கடத்துற காத்து அடுக்கு) கீழ உலகத்தையே சுத்தும், அதனால வீடு பூரா பரவும்னு சொன்னாங்க. ஃபோன் ஆப்லயும் 7.83 காட்டுது. இப்போ மாடிக்குப் பெரிய மாடல் வேணும்ங்கிறாங்க. வாங்கலாமா?

வாங்காதீங்க. வித்தவர் சொன்னதுல பாதி நிஜம், அதனாலதான் படிச்சவங்களே இதுல விழறாங்க.

அந்த நிஜமான பாதி என்னன்னா, தரையும் கடலும் மின்சாரத்தைக் கடத்தும், மேல 60ல இருந்து 90 கிலோமீட்டர் உயரத்துல அயனோஸ்பியரோட அடிப்பக்கமும் கடத்தும், நடுவுல இருக்கிற காத்து கடத்தாது. மின்னல்ல இருந்து கிளம்புற ரொம்பக் குறைஞ்ச அதிர்வெண் அலை இந்த ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு, பெருசா வலு குறையாம பூமியைச் சுத்தி வரும். உலகம் பூரா நொடிக்கு நாப்பது அம்பது மின்னல் வெட்டிக்கிட்டே இருக்கு, சுத்தி வந்த அலையும் புது அலையும் ஒத்துப்போய் வலுவாகிற இடம்தான் 7.83, அப்புறம் 14, 20ன்னு போகும். ஷூமன்ங்கிற ஜெர்மன் இயற்பியலாளர் இதை 1952ல கணக்குப் போட்டுச் சொன்னார், 1960ல அளந்தே காட்டிட்டாங்க.

ஆனா அந்த அலையைக் கிளப்புறது கிலோமீட்டர் கணக்குல நீளமான மின்னல். 7.83ல ஒரு அலையோட நீளமே சுமார் 38,000 கிலோமீட்டர், உங்க பெட்டியோ உள்ளங்கை அளவு. அமெரிக்க நேவி கடலுக்கடியில இருக்கிற சப்மரீனுக்குச் சேதி அனுப்ப 76 ஹெர்ட்ஸ்ல விஸ்கான்சின்லயும் மிச்சிகன்லயும் மொத்தம் 135 கிலோமீட்டருக்குக் கம்பி இழுத்து, மெகாவாட் கணக்குல பவர் போட்டும் அலையா வெளிய போனது சில வாட்தான். அதையும் 2004ல மூடிட்டாங்க.

உங்க பெட்டியில இருந்து வர்றது பரவுற அலை இல்ல, பக்கத்துல மட்டும் இருக்கிற காந்தப்புலம். தூரம் ரெண்டு மடங்கானா எட்டுல ஒரு பங்காயிடும். பத்து சென்டிமீட்டர்ல இருந்து ஒரு மீட்டர் தள்ளினா ஆயிரத்துல ஒண்ணு. நான் பிரிச்சுப் பார்த்த ஒரு பெட்டிக்குள்ள ஒரு டைமர் ஐசி, போர்டுல வட்டமா போட்ட செம்புக் கோடு, ஒரு எல்இடி, அவ்ளோதான்.

ஆப் விஷயத்துக்கு வர்றேன். நிஜமான ஷூமன் அலையோட காந்தப்புலம், பூமியோட காந்தப்புலத்தை அஞ்சு கோடியாப் பிரிச்சா அதுல ஒரு பங்கு அளவுக்குத்தான் வரும். அதை ஃபோனால பிடிக்கவே முடியாது. அதுக்குப் பல ஆயிரம் சுத்து சுத்தின காயிலைக் கரண்ட் லைனே இல்லாத இடமாப் பார்த்துப் புதைக்கணும், சரியா புதைக்கலன்னா காத்துல லேசா ஆடினாலே ரீடிங் போச்சு, நான் ஒரு ராத்திரி பூரா எடுத்த ரெக்கார்டு அப்படித்தான் வீணாச்சு. உங்க ஆப் காட்டுறது பெட்டியோட சொந்தக் காந்தப்புலத்தைத்தான். நீங்க ஃபோனைப் பெட்டி மேல வெச்சுப் பாருங்க, அப்புறம் நாலு காலடி தள்ளி வெச்சுப் பாருங்க, அந்த 7.83 காணாமப் போயிடும்.

அடுத்து "பூமியோட அதிர்வெண் ஏறிடுச்சு, புது மாடல் வாங்கு"ன்னு வருவாங்க. அதிர்வெண் மாறும்ங்கிறது உண்மைதான். பகல்ல அயனோஸ்பியரோட அடிப்பக்கம் இறங்கும், ராத்திரி ஏறும், மின்னல் அதிகமா வெட்டுற இடமும் நேரத்துக்கு ஏத்த மாதிரி ஆசியா, ஆப்பிரிக்கா, அமெரிக்கான்னு நகரும், சூரியன்ல பெரிய வெடிப்பு வந்தா எக்ஸ்ரே வந்து கொஞ்சம் தள்ளும். 7.83ங்கிறதே ஒரு சராசரிதான், எல்லாம் சேர்ந்தாலும் அதுல இருந்து அரை ஹெர்ட்ஸ் இப்படி அப்படி போகும், 40க்கெல்லாம் தாவாது. ரஷ்யாவுல இருக்கிற தோம்ஸ்க் நகரத்துல இந்த அலையை அளந்து போடுற கலர் படத்துல வெள்ளையாத் தெரியறது சிக்னலோட வலு, அதிர்வெண் இல்ல. இதைத் தினமும் யாராவது தப்பாப் படிச்சு ஃபார்வர்டு பண்றாங்க, எனக்கு எரிச்சலா இருக்கு.

அதைவிட எரிச்சல், இந்த அதிர்வெண்ணைக் கண்காணிக்க ஆளே இல்லாதது. சர்வதேச ரேடியோ அதிர்வெண் ஒதுக்கீடே 8.3 கிலோஹெர்ட்ஸ்ல, அதாவது 8,300 ஹெர்ட்ஸ்ல இருந்துதான் ஆரம்பிக்குது, அதுக்குக் கீழ எதுவும் ஒதுக்கல. பெட்டியில ஒட்டியிருக்கிற சர்டிஃபிகேட் ஷாக் அடிக்காது, சூடாகாதுன்னு சொல்ற வகை, தூக்கம் வரும்னு சொல்ற சர்டிஃபிகேட் இல்ல. ரெண்டையும் ஒண்ணாக் காட்டித்தான் விக்கிறாங்க.

ரிட்டர்ன் பண்ற நாள் இன்னும் இருந்தா, ஃபோனைத் தள்ளி வெச்சதும் 7.83 மறையறத வீடியோ எடுத்து அதோட பெட்டியைத் திருப்பி அனுப்புங்க. அம்மாவைத் தூக்கத்துக்கு ஒரு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, சாப்பிடுற மாத்திரை எல்லாத்தையும் கையோட எடுத்துட்டுப் போங்க.