அழுகிய ஆர்க்கிட் வேருக்குப் பொடி வாங்கலாமா?

கேள்வி: ஆறு மாதம் முன்பு 700 ரூபாய்க்கு ஒரு பெலனாப்சிஸ் ஆர்க்கிட் வாங்கினேன். பூ உதிர்ந்ததும் இலைகள் துவண்டுவிட்டன. தொட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தால் பாதி வேர் அழுகியிருக்கிறது. வேர் ஊக்கிப் பொடியும் ‘பூஸ்டர்’ திரவமும் சேர்த்து 850 ரூபாய் என்று இணையத்தில் விற்கிறார்கள். வாங்கலாமா? – கோவை வாசகி

பதில்: செடியைவிட மருந்து விலை அதிகம்! வேண்டாம்.

அந்தப் பொடிகளில் பெரும்பாலும் இருப்பது ஐ.பி.ஏ. அல்லது என்.ஏ.ஏ. என்னும் ஆக்சின், அதாவது செடி வளர்ச்சி ஹார்மோன். செம்பருத்திக் குச்சியை வெட்டி நடும்போது வெட்டுவாயில் வேர்விடத் தூண்டுவது அதன் வேலை. செத்த வேருக்கு அது உயிர் கொடுக்காது. நல்ல வேரின் நுனியில் அதிகம் பட்டால், வேர் நீள்வதையே தடுத்துவிடும்.

உங்கள் செடியின் வேர் மூச்சுத் திணறித்தான் அழுகியிருக்கிறது. பெலனாப்சிஸ் காட்டில் மரக்கிளையைப் பற்றி வளர்வது. வேரைச் சுற்றிய வெள்ளை உறை மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சும். பிறகு காற்றில் உலர வேண்டும். கடைக்காரர்களோ ஈரப்பாசியை இறுக்கி அடைத்துத் தருகிறார்கள், நாமும் பாசத்தோடு தினமும் தண்ணீர் ஊற்றுகிறோம். வேர்களை விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் உயிருள்ளது. நசுங்கி, தோல் உருவி, உள்ளே நார் மட்டும் மிஞ்சினால் அதைத் தீயில் காட்டிய கத்தரியால் வெட்டுங்கள். பழைய பாசியை எறிந்துவிட்டு, ஊறவைத்து அலசிய தேங்காய் மட்டைத் துண்டும் அடுப்புக்கரியும் கலந்து நடுங்கள். நூறு ரூபாய்கூட ஆகாது. புது வேர் வரச் சில வாரங்கள், சில நேரம் மாதங்கள் ஆகும். அதுவரை காத்திருக்காத நம் பொறுமையின்மையை நம்பித்தான் பூஸ்டர் வியாபாரமே நடக்கிறது.

ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் காசு கொடுத்து வாங்கத்தக்க ஊக்கி ஒன்று உண்டென்றால் அது கெய்கி பேஸ்ட். கெய்கி என்றால் ஹவாய் மொழியில் குழந்தை. இதில் இருப்பது சைட்டோகைனின் என்னும், துளிர்விடத் தூண்டும் ஹார்மோன். பூத்தண்டின் கணுவில் குண்டூசித் தலையளவு தடவினால் குட்டிச்செடி கிளம்பலாம். ஆசைப்பட்டு நான் ஒருமுறை தாராளமாக அப்பினேன். ஒரே கணுவில் வேரில்லாத துளிர்கள் கொத்தாக வந்து எல்லாமே கருகின. நோயுற்ற உங்கள் செடிக்கு இப்போது இதுவும் ஆகாது. தாய்க்கே தெம்பில்லை.

கேள்வி: நான் ஏற்கெனவே ஒரு பூஸ்டர் புட்டி வாங்கிவிட்டேன். ‘100% இயற்கை, வைட்டமின் பி1 உள்ளது’ என்பதைத் தவிர அதன் லேபிளில் எதுவும் இல்லை. விற்றவர் பணம் திருப்பித் தர மறுக்கிறார். – சேலம் வாசகர்

பதில்: பி1 கதை பழையது. 1930களில், வெட்டியெடுத்த பட்டாணி வேர்களைச் சோதனைக்கூடத்தில் வளர்த்தபோது பி1 உதவியது. முழுச் செடி தனக்கு வேண்டிய பி1-ஐத் தானே தயாரித்துக்கொள்கிறது, ஊற்றிப் பயனில்லை.

கடற்பாசிச் சாறு, ஹியூமிக் அமிலம் போன்ற உயிரூக்கிகள் 2021 முதல் உரக் கட்டுப்பாட்டு ஆணையின்கீழ் வருகின்றன. என்.ஏ.ஏ., ஜிப்ரலிக் அமிலம் போன்ற வளர்ச்சி ஹார்மோன்கள் 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ்ப் பதிவாக வேண்டியவை. அவற்றின் லேபிளில் பதிவு எண், காலாவதித் தேதி, நச்சுத்தன்மை காட்டும் வண்ணக்குறி எல்லாம் இருக்கும். எதுவானாலும் பொட்டலப் பொருளில் தயாரிப்பாளர் முகவரி, நிகர அளவு, அதிகபட்ச விலை அச்சாகியிருக்க வேண்டும். இவை இல்லாததே உங்கள் புகாருக்குப் போதும். செடி வளர்ந்ததா இல்லையா என்ற வாதத்துக்குள் போகாதீர்கள், அதில் விற்றவர் நழுவிவிடுவார்.

ரசீதையும் புட்டியின் நான்கு பக்கப் படங்களையும் வைத்துக்கொண்டு, வாங்கிய இணையதளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் அவர் தீர்க்க வேண்டும் என்கின்றன 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள். நகரவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.

கேள்வி: ஆர்க்கிட்டுக்கு இளநீர் ஊற்றலாமா?

பதில்: இளநீரில் சைட்டோகைனின் இருப்பது உண்மை, திசு வளர்ப்புக்கூடங்களில் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அங்கே கிருமி நீக்கிய குடுவை. உங்கள் மாடியில் அதன் சர்க்கரைக்கு எறும்பும் பூஞ்சையும்தான் முதலில் வரும். ஊற்றியே தீருவேன் என்றால் நிறையத் தண்ணீர் கலந்து ஊற்றி, மறுநாள் வெறும் தண்ணீரால் வேரை அலசிவிடுங்கள்.