சளி மாத்திரையில் தொப்பை கரையுமா?

கேள்வி: ஜிம்மில் பழகிய நண்பர் சொன்னபடி, இரண்டு வாரமாக வேளைக்கு இரண்டு சளி மாத்திரை, பாதி ஆஸ்பிரின், ஒரு கப் கெட்டிக் கோப்பி ஓ (பால் சேர்க்காத காப்பி) என்று தினம் மூன்று வேளை சாப்பிடுகிறேன். வளர்சிதை மாற்றம் கூடி, உட்கார்ந்தபடியே கொழுப்பு கரையுமாம். எல்லாம் மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் கிடைப்பவைதானே, இதில் என்ன ஆபத்து? மனைவியின் தைராய்டு மாத்திரையையும் சேர்த்தால் இன்னும் வேகமாக இறங்கும் என்கிறார். வயது 36, உயரம் 172 செ.மீ., எடை 84 கிலோ. அடிக்கடி தலைவலி வருகிறது. பனடோல் போட்டுச் சமாளிக்கிறேன்.
(ஈசூன் வாசகர்)

பதில்: உங்கள் கடிதத்தில் என்னைத் தூக்கிவாரிப் போட்டது அந்தக் கடைசி வரிதான். முதலில் பனடோலைப் பேசிவிடுவோம், கொழுப்பு அப்புறம்.

எங்கள் அலுவலக முதலுதவிப் பெட்டியில் ஒரு சளி மாத்திரை அட்டை கிடந்தது. பின்பக்க எழுத்து எறும்புக் கால் அளவு. பிழை திருத்த வைத்திருக்கும் பூதக்கண்ணாடியை எடுத்துப் படித்தேன்: பாராசிட்டமால் 500 மில்லிகிராம், மூக்கடைப்புக்கு சூடோஎபிட்ரின் 30, தூக்கம் வரவழைக்கும் ஒவ்வாமை மருந்து 2. எல்லாச் சளி மாத்திரையும் இப்படி இருக்காது. ஆனால் உங்களுடையதும் இந்த ரகம் என்றால், ஒரு நாளைக்கு ஆறு மாத்திரையில் 3,000 மில்லிகிராம் பாராசிட்டமால் உள்ளே போகிறது. பனடோலும் அதே பாராசிட்டமால்தான். இரண்டு போட்டால் இன்னொரு 1,000. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு உச்ச வரம்பே 4,000. காய்ச்சலும் இல்லாமல் சளியும் இல்லாமல் அந்தக் கோட்டில் போய் நிற்கிறீர்கள். தாண்டினால் அடிபடுவது தொப்பை அல்ல, ஈரல். தலைவலி ஏன் வருகிறது என்றும் யோசித்தீர்களா? சூடோஎபிட்ரின், காப்பி இரண்டுமே ரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியவை.

நண்பர் சொன்ன கூட்டு பழைய சரக்கு. 1970களில் டென்மார்க்கில் ஆஸ்துமாவுக்கு எபிட்ரினும் காஃபினும் கலந்த மருந்து சாப்பிட்டவர்களுக்கு எடை குறைவதை ஒரு டாக்டர் கவனித்தார். ஆஸ்பிரின் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. 2003இல் எபிட்ரின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மாதத்துக்குக் கூடுதலாக இறங்கியது ஏறத்தாழ 1 கிலோ. படபடப்பு, மனக் கலக்கம், வயிற்றுக் கோளாறு போன்றவை இரண்டு மடங்குக்கு மேல் ஏறின. மறு வருடமே அமெரிக்கா எபிட்ரின் தரும் எபிட்ரா மூலிகை கலந்த சத்து மாத்திரைகளைத் தடை செய்தது. உங்கள் சளி மாத்திரையில் இருப்பது அந்த எபிட்ரின்கூட இல்லை, அதன் பங்காளி சூடோஎபிட்ரின். மூக்கைத் திறக்கும், கொழுப்பை எரிப்பதில் சோப்ளாங்கி.

காப்பிக் கணக்கைக் கேளுங்கள். 100 மில்லிகிராம் காஃபின், ஓய்வில் இருக்கும் உடம்பின் கலோரிச் செலவை இரண்டரை மணி நேரத்துக்கு 3 முதல் 4 சதவீதம் கூட்டும். நாளுக்கு 1,600 கலோரி செலவழிக்கும் உடம்புக்கு அது 5 முதல் 7 கலோரி. அரைத் தேக்கரண்டிச் சர்க்கரை! காப்பிக்கடைக்காரர் உங்கள் கோப்பி ஓவில் போடும் சர்க்கரையே இதைப் பல மடங்கு விஞ்சிவிடும்.

சரி, ‘கடையில் கிடைப்பதுதானே’ என்ற வாதம். பினைல்புரோப்பனோலமைன் என்று ஒரு மருந்து. சளி மாத்திரையிலும் இருந்தது, பசியைக் குறைக்கும் மாத்திரையிலும் இருந்தது, அமெரிக்காவில் சீட்டு இல்லாமல் விற்றது. பசியை அடக்க அதைச் சாப்பிட்ட பெண்களுக்கு மூளையில் ரத்தக்கசிவு ஏற்படும் அபாயம் கூடியது தெரிந்ததும், 2000இல் அதை விலக்கச் சொன்னார்கள். மூன்று நாள் சளிக்கு என்று சோதித்த மருந்தை நீங்கள் இரண்டு வாரமாகத் தொப்பைக்குப் போடுகிறீர்கள். கடையில் வைத்திருப்பது அந்த மூன்று நாளுக்குத்தான். மருந்துக்கடையில் மருந்தாளர் இருக்கிறாரே, ‘தொப்பைக்கு’ என்று சொல்லிக் கேட்டுப் பாருங்கள், கொடுக்கிறாரா என்று.

சிங்கப்பூரில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்களே என்பதுதான் என் ஆதங்கம். 2002இல் எடை குறைக்க ‘ஸ்லிம் 10’ மாத்திரை சாப்பிட்டு ஈரல் செயலிழந்த நடிகை ஆண்ட்ரியா டி குரூஸுக்கு, அவர் காதலராக இருந்த நடிகர் பியர் பிங் தம் ஈரலில் பாதியைக் கொடுத்துக் காப்பாற்றினார். அதே மாத்திரை சாப்பிட்ட இன்னொரு பெண்மணி பிழைக்கவில்லை.

ஆஸ்பிரினுக்கு வருவோம். உங்கள் புளோக் கீழே டெங்கி எச்சரிக்கைப் பதாகை கட்டியிருக்கிறதா, பார்த்தீர்களா? 2020இல் மட்டும் இங்கே 35,000க்கு மேற்பட்டோருக்கு டெங்கி. டெங்கியில் ஆஸ்பிரின் ஆகாது, ரத்தக்கசிவை மோசமாக்கும். காய்ச்சல் வந்த அன்றைக்கு நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். இன்று விழுங்கிய ஆஸ்பிரின், ரத்தத் தட்டணுக்களை ஒரு வாரத்துக்கு மேல்கூட முடக்கி வைக்கும். கொசு முன்கூட்டிச் சொல்லிவிட்டா கடிக்கிறது?

இன்னொன்று. வளர்சிதை மாற்றத்தைக் கூட்டுவது என்றால் உடம்பைக் கூடுதலாகச் சூடாக்குவது. நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை வழியுமே தவிர உலராது. மூக்கில் ரத்தக் குழாய்களைச் சுருக்கும் மருந்து தோலிலும் சுருக்கும். அந்த நிலையில் மதியம் ஓடப் போனால் சூடு எந்த வழியாக வெளியே போகும்?

தைராய்டு மாத்திரை வேண்டவே வேண்டாம். சுரப்பி ஒழுங்காக வேலை செய்கிறவருக்கு அது கொழுப்போடு தசையையும் கரைக்கும், நாளடைவில் எலும்பையும் தேய்க்கும், இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும். உள்ளே போனதில் பாதி உடம்பை விட்டு வெளியேறவே ஒரு வாரம் ஆகும் மருந்து அது. படபடக்கிறதே என்று நிறுத்தினாலும் உடனே அடங்காது.

உங்கள் எடை எண் (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் பிஎம்ஐ) 28.4. நம் ஊர்க் கணக்கில் 27.5 தாண்டினாலே அதிக ஆபத்துப் பிரிவு, ஆக உங்கள் கவலையில் தப்பில்லை. இந்த வாரமே பலதுறை மருந்தகத்துக்குப் போங்கள், மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டு போங்கள், இரண்டு வாரமாகச் சாப்பிட்டதை ஒளிக்காமல் சொல்லுங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, ஈரல் எல்லாம் பார்க்கட்டும். எடைக்கு என்றே முறையான மருந்துகள் இருக்கின்றன. வேண்டுமா என்று டாக்டர் சொல்வார். சர்க்கரையும் இல்லாத கோப்பி ஓ கொசோங் ஒன்றிரண்டு குடியுங்கள், ருசிக்காக.

மனைவியின் மாத்திரையை எடுத்திருந்தால் திருப்பி வைத்துவிடுங்கள். எண்ணிக்கை குறைந்தால் உங்கள் ஜிம் நண்பரா வந்து பதில் சொல்லப்போகிறார்?