ரசீது இருந்தும் மர்ம வாடிக்கையாளர் அறிக்கை நிராகரிப்பா?

சாதாரண வாடிக்கையாளர் போலக் கடைக்குப் போய் சேவையை மதிப்பிட்டு எழுதும் மர்ம வாடிக்கையாளர் பணியில், ரசீது இணைத்தும் அறிக்கையை நிராகரித்துவிட்டார்கள், கைக்காசு போட்டு வாங்கிய பொருளுக்காவது பணம் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் வராது. அறிக்கை ஏற்கப்பட்டால்தான் கட்டணமும் செலவுத் தொகையும் என்று ஒப்பந்தத்தில் வழக்கமாக ஒரு வரி இருக்கும். ஆனாலும் உடனே விட்டுவிடாதீர்கள்.

காரணம் நேரமாக இருக்கலாம். மாலை 5 முதல் 7 மணிக்குள் போகச் சொல்லியிருந்து, ரசீதில் 7.04 என்று அச்சாகியிருந்தால் போச்சு. 6.40-க்கே உள்ளே போனீர்கள் என்பதை ரசீது சொல்லாதே.

பணிக் குறிப்பைத் திறந்து ரசீதின் தேதி, நேரம், கிளை முகவரி மூன்றையும் ஒப்பிடுங்கள். எல்லாம் பொருந்தினால் பணி எண்ணைக் குறிப்பிட்டு, எந்த விதி மீறப்பட்டது என்று பணியை ஒதுக்கிய நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளரிடம் எழுத்தில் கேளுங்கள். அறிக்கையில் ஏதோ பதில் விடுபட்டதுதான் காரணம் என்றால் சிலர் திருத்தி அனுப்பவும் விடுவார்கள். கோபம் மட்டும் வேண்டாம். அடுத்த பணியை ஒதுக்கப் போவதும் அவராகவே இருக்கலாம்.

அந்தக் கடைக்குப் போய் விசாரிக்காதீர்கள், ரகசியம் காக்கும் நிபந்தனையை மீறியதாகிவிடும். அப்புறம், மறுபரிசீலனைக்குக் கட்டணம் கட்டச் சொன்னாலோ, காசோலை அனுப்பி அதில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பச் சொன்னாலோ அது மோசடி. பதிலே போடாதீர்கள்.