கேளுங்கள், சொல்கிறோம்: ஏப்ரலில் நடக்கும் இடப் போட்டி

இந்த வாரம் வந்த கேள்விகளில் பாதி அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலைப் பற்றியே இருந்தன. நம்மூர்க் கால்பந்து இல்லை, ஹெல்மெட் போட்டுக்கொண்டு மோதுகிற ஆட்டம். பெங்களூரில் பாதி வீட்டில் ஒரு பிள்ளை அங்கே படிக்கிறது, மீதி வீட்டில் ஒருவர் அங்கிருக்கும் கிளையன்ட்டோடு ராத்திரியில் பேசிக்கொண்டிருக்கிறார். அதனால் எல்லாக் கேள்விகளையும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டேன்.

சார், நான் மான்யதா டெக் பார்க்கில் ராத்திரி ஷிஃப்ட் பார்க்கிறேன். எங்கள் கிளையன்ட் ஒஹாயோ மாநிலம் கொலம்பஸில். ஏப்ரல் வந்தால் மீட்டிங் தொடங்கும் முன் பத்து நிமிஷம் அவர்கள் காலேஜ் அணியின் பயிற்சியைப் பற்றித்தான் பேச்சு. சீசன் ஆகஸ்ட் கடைசியில்தானே தொடங்குகிறது? பயிற்சி ஆட்டத்தைப் பார்க்க லட்சம் பேர் போனார்கள் என்கிறார் ஒருவர். நிஜமா? (ஹென்னூர் வாசகர்)

நிஜம்தான். 2016 ஏப்ரலில் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக அணி இரண்டாகப் பிரிந்து தனக்குள்ளேயே ஆடிய ஆட்டத்துக்கு (இதற்கு ‘ஸ்பிரிங் கேம்’ என்று பெயர்) 1,00,189 பேர் வந்தார்கள். எதிரணி கிடையாது, புள்ளிப்பட்டியலில் ஏறாது, ஆனாலும் வந்தார்கள்.

காரணம் இதுதான். ஜனவரியோடு பழைய சீசன் முடிகிறது, கடைசி வருஷப் பையன்கள் போய்விடுகிறார்கள், அவர்கள் இடமெல்லாம் காலி. அதே ஜனவரியில் வேறு கல்லூரிகளிலிருந்து மாறி வருகிறவர்கள் வந்து சேர்கிறார்கள், பள்ளியை அரை வருஷம் முன்னதாகவே முடித்துவிட்டு வந்து நிற்கிற பதினெட்டு வயதுப் பையன்களும் உண்டு. இவர்கள் எல்லாரும் முதல்முறையாக ஒரே மைதானத்தில் நிற்பது வசந்தகாலப் பயிற்சியில்தான். பெரிய பிரிவு அணிகளுக்கு மொத்தம் 15 பயிற்சிகள், அதையும் 34 நாட்களுக்குள் முடித்துவிட வேண்டும். அதில் மூன்றில் உடம்போடு உடம்பு மோதவே கூடாது, மீதி பன்னிரண்டில் எட்டில் மட்டும்தான் ஆளை மடக்கிக் கீழே தள்ளலாம். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற குவாட்டர்பேக்குக்கு வேறு நிறத்தில் ஒரு சட்டை போட்டுவிடுவார்கள், அவனைத் தொட்டாலே விசில் ஊதிவிடுவார்கள். செப்டம்பரில் யார் ஆடப் போகிறார்கள் என்பதன் முதல் வரைவு இந்த ஐந்து வாரத்தில் எழுதப்படுகிறது, உங்கள் கிளையன்ட்டுக்கு அதுதான் பரபரப்பு.

யார் ஆட வேண்டும் என்று கோச் ஏற்கெனவே முடிவு பண்ணியிருப்பார், பயிற்சி சும்மா கண்துடைப்பு என்கிறான் என் தம்பி. சரியா? (ஸ்ரீராமபுரம் வாசகர்)

சில இடங்களுக்குச் சரி. மூன்று வருஷமாக நன்றாக ஆடுகிறவனை ஏப்ரலில் யாரும் மாற்றப் போவதில்லை. ஆனால் இரண்டு பேர் கிட்டத்தட்ட சமமாக இருக்கிற இடத்தில் நிஜமான போட்டி நடக்கும், அதில் பார்க்க வேண்டியது யாருக்கு எத்தனை முறை வாய்ப்புக் கிடைக்கிறது, யாரோடு சேர்ந்து கிடைக்கிறது என்பது. ஒரு பயிற்சியில் குறிப்பிட்ட தடவைதான் ஆட்டத்தை ஓட்டிப் பார்க்க முடியும், அதில் பெரும்பங்கு முதல் வரிசைக்குப் போய்விடும். இரண்டாம் வரிசைக் குவாட்டர்பேக்கின் முன்னால் நிற்கும் தடுப்பாளர்களும் இரண்டாம் வரிசைதான், அவர்கள் கோட்டை விட்டால் பந்தை எறிய அவனுக்கு நேரமே இருக்காது, பார்ப்பவர்களுக்கோ அவன்தான் தடுமாறுவது போலத் தெரியும். அதனால் நியாயமான கோச் ஆட்களை மாற்றி மாற்றி நிறுத்துவார், எல்லாவற்றையும் உயரத்திலிருந்து வீடியோ எடுத்து, சாயங்காலம் உட்கார்ந்து ஒவ்வொருவனுக்கும் மார்க் போடுவார்.

ஹென்னூர் வாசகரின் கிளையன்ட்டிடம் 2018 வசந்தத்தைப் பற்றிக் கேட்கச் சொல்லுங்கள். ஒஹாயோ ஸ்டேட்டில் ஒரே இடத்துக்கு டுவெய்ன் ஹாஸ்கின்ஸ், ஜோ பர்ரோ, டேட் மார்ட்டெல் என்று மூன்று பேர். பர்ரோவுக்கு முந்தின வருஷம் கையில் எலும்பு முறிந்து, அந்தச் சமயத்தில் ஹாஸ்கின்ஸ் முந்திவிட்டிருந்தார். பயிற்சி முடிந்தும் கோச் அர்பன் மெயர் பெயரை அறிவிக்கவில்லை. பர்ரோ படிப்பை முடித்து டிகிரி வாங்கிக்கொண்டு மே மாதம் லூசியானாவின் எல்.எஸ்.யு. பல்கலைக்கழகத்துக்குப் போனார், அடுத்த ஆண்டு 2019 சீசனில் 60 டச்டவுன் பாஸ் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்த்துப் புள்ளி எடுத்துத் தருகிற எறிதல்), ஒரு தோல்வி கூட இல்லாமல் தேசியப் பட்டம், தலைசிறந்த வீரருக்கான ஹெய்ஸ்மன் விருது, தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2020 டிராஃப்டில் முதல் ஆள். அப்படியென்றால் மெயர் தப்புப் பண்ணினாரா? ஹாஸ்கின்ஸ் அந்த 2018 சீசனிலேயே 50 டச்டவுன் பாஸ் எறிந்தார்! இரண்டு பேருமே அந்த இடத்துக்குத் தகுதியானவர்கள், இடம் ஒன்றுதான் இருந்தது. உங்கள் தம்பி இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கட்டும்.

அதே வருஷம் அலபாமாவில் ஜேலன் ஹர்ட்ஸ். ஜனவரியில் தேசிய இறுதி ஆட்டத்தின் இடைவேளையில் அவரை உட்கார வைத்துவிட்டு டுவா டாகோவைலோவாவை இறக்கினார்கள், டுவா ஜெயித்துக் கொடுத்தார். ஹர்ட்ஸ் கோபித்துக்கொண்டு கிளம்பவில்லை. வசந்தப் பயிற்சியில் இடத்துக்காக மோதினார், கிடைக்கவில்லை, அந்த சீசன் முழுக்க மாற்று ஆளாக இருந்தார், டிசம்பரில் டுவாவுக்கு அடிபட்டபோது உள்ளே வந்து ஜார்ஜியாவை வென்று கொடுத்தார். அதற்கப்புறம்தான் ஓக்லஹோமாவுக்கு மாறினார். 2025 பிப்ரவரியில் என்.எஃப்.எல். இறுதி ஆட்டமான சூப்பர் பவுலின் சிறந்த வீரர் அவர்தான். போவதும் இருப்பதும் அவரவர் முடிவு, இரண்டையும் நான் மதிக்கிறேன்.

என் அண்ணன் மகன் நெப்ராஸ்காவில் படிக்கிறான். 2025இல் அங்கே வழக்கமான ஸ்பிரிங் கேமை நிறுத்திவிட்டார்கள் என்று வருத்தப்பட்டான். ஏன் நிறுத்த வேண்டும்? (வைட்ஃபீல்ட் வாசகி)

அந்த ஆட்டம் டிவியில் வந்தால் மற்ற அணிகள் பார்த்து நம் பையன்களைக் கொத்திக்கொண்டு போய்விடுகின்றன என்று கோச் மேட் ரூல் வெளிப்படையாகவே சொன்னார். டெக்சாஸும் அந்த ஆண்டு நடத்தவில்லை. அப்போது ஏப்ரலிலும் கல்லூரி மாறுவதற்கு ஒரு கதவு திறந்திருந்தது. டென்னசி அணியின் முதல் குவாட்டர்பேக் நிகோ யாமலியாவா அந்த ஏப்ரலில் ஸ்பிரிங் கேமுக்கு முந்தின நாள் பயிற்சிக்கே வரவில்லை, கடைசியில் லாஸ் ஏஞ்சலஸின் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தார். பயிற்சி முடிகிற நேரத்தில் முதல் ஆளே போய்விட்டால் ஒரு அணி என்னதான் பண்ணும்?

அதற்கப்புறம் விதியை மாற்றிவிட்டார்கள். ஏப்ரல் கதவு மூடப்பட்டது, 2026 முதல் பொதுவாக ஜனவரி 2இலிருந்து 16 வரை மட்டும்தான். கோச்சுகளுக்கு நிம்மதி. ஆனால் பர்ரோ மாதிரி ஒரு பையன் பயிற்சி முடிந்தபின் தன் இடம் எது என்று தெரிந்துகொண்டு கிளம்புவது இனி கஷ்டம், ஜனவரியிலேயே குத்துமதிப்பாக முடிவெடுக்க வேண்டும். எனக்கு இது பிடிக்கவில்லை. போட்டியில் இறங்கச் சொல்கிறவர்கள் தோற்றவனுக்கும் ஒரு வழி வைத்திருக்க வேண்டும்.

அணியில் 105 பேர்தான் இருக்கலாம் என்று புது வரம்பு வந்ததாமே? 105 என்றால் தாராளம்தானே! (சிவாஜிநகர் வாசகர்)

வெளியிலிருந்து பார்த்தால் தாராளம்தான். முன்னே 85 பேருக்கு ஸ்காலர்ஷிப் கொடுக்கலாம் என்றுதான் வரம்பு, அதற்கு மேல் சொந்தக் காசில் படித்துக்கொண்டு அணியில் சேருகிற ‘வாக்-ஆன்’ பையன்களையும் வைத்துக்கொள்ளலாம், பல அணிகளில் 120க்கு மேல் இருந்தார்கள். 2025 ஜூனில் ஒரு பெரிய வழக்கில் சமரசத்துக்கு நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் கொடுத்தார். கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம் என்று ஆனது அதில்தான், முதல் ஆண்டு ஒரு கல்லூரிக்கு சுமார் 2 கோடி டாலர் வரை. அதே சமரசத்தில் ஸ்காலர்ஷிப் வரம்பு போய், ஆள் எண்ணிக்கையே 105 என்று வந்தது. மேலே இருப்பவனுக்குப் பணம் வந்தது, கீழே இருப்பவனுக்கு இடம் போனது. வெளியே தள்ளப்பட்டவர்களை வரம்பில் சேர்க்காமல் திரும்ப எடுக்கலாம் என்று நீதிபதி வற்புறுத்தி ஒரு சலுகை வாங்கித் தந்தார், நல்ல காரியம், ஆனால் அது அப்போது இருந்த பையன்களுக்கு மட்டும்தான்.

ஸ்டெட்சன் பென்னட் என்று ஒருவர். 2017இல் ஜார்ஜியாவில் வாக்-ஆனாகச் சேர்ந்தார், ஒரு வருஷம் மிசிசிப்பியில் சின்னக் கல்லூரிக்குப் போய் ஆடிவிட்டுத் திரும்பி வந்தார், 2021, 2022 இரண்டு சீசனிலும் தேசியப் பட்டம் வென்ற அணிக்கு அவர்தான் குவாட்டர்பேக். அடுத்த பென்னட் 106ஆவது ஆளாக நின்றுகொண்டிருந்தால் அவனை யார் பார்ப்பார்கள்?

பையன் பி.இ. முடித்துவிட்டு எம்.எஸ். படிக்க அமெரிக்கா போகிறான். சின்ன வயசிலிருந்து ஆஸ்டின் டவுனில் கால்பந்து ஆடுகிறவன், உதை பலமாக இருக்கும். அங்கே ஃபுட்பால் அணியில் உதைப்பவனாகச் சேர முடியுமா? (ஆஸ்டின் டவுன் அம்மா)

நல்ல கேள்வி அம்மா. உதைப்பதற்கு வெளிநாட்டுப் பையன்களை எடுப்பது அங்கே சகஜம். கையிலிருந்து பந்தை விட்டு உதைக்கிற பன்டர் இடத்தில் ஆஸ்திரேலியாக்காரர்கள் நிறைய. யூட்டா பல்கலைக்கழகத்தின் டாம் ஹாக்கெட் 2014, 2015 இரண்டு வருஷமும் நாட்டின் சிறந்த பன்டர் விருதை வாங்கினார்.

ஆனால் உங்கள் பையனுக்குக் கணக்கு இடிக்கும். பெரிய பிரிவில் ஐந்து வருஷத்துக்குள் நான்கு சீசன் ஆட வேண்டும் என்பது வெகுகாலமாக இருந்துவரும் விதி, அந்த ஐந்து வருஷம் முதன்முதலாக முழுநேரக் கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்தே ஓட ஆரம்பித்துவிடும், பெங்களூர்க் கல்லூரியானாலும் சரி. பி.இ.யில் நான்கு போய்விட்டது. மாணவர் விசாவில் இருப்பவர் ஆட்டத்தை வைத்துப் பணம் வாங்குவதும் சிக்கல், பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தைக் கேட்காமல் ஒரு கையெழுத்தும் போட வேண்டாம். ஆசையை விட வேண்டும் என்று சொல்லவில்லை. அங்கே மாணவர்கள் தாங்களே நடத்தும் கிளப் அணிகள் உண்டு, அவற்றுக்கு இந்தக் கெடுபிடி இல்லை. நம் கால்பந்துக்கும் கிளப் இருக்கும், முதல் வாரமே போய்ப் பெயர் கொடுக்கச் சொல்லுங்கள்.

நான் ஒரு கல்லூரியில் பி.டி. மாஸ்டர். எங்கள் கால்பந்து அணித் தேர்வுக்கு எழுபது, எண்பது பையன்கள் வருகிறார்கள், ஒரே காலையில் முடிக்க வேண்டியிருக்கிறது. அமெரிக்காக்காரர்களிடம் பணம் இருக்கிறது, எங்களிடம் என்ன இருக்கிறது? (அல்சூர் வாசகர்)

மாஸ்டர், உங்கள் கடிதத்துக்குத்தான் இந்த வாரம் அதிக இடம் கொடுக்க நினைத்தேன்.

அல்சூர் பக்கம் ஒரு மைதானத்தில் இப்படி ஒரு தேர்வை ஓரமாக நின்று பார்த்திருக்கிறேன். முதுகில் சாக்பீஸால் எண் எழுதி, இருபத்திரண்டு பேரை உள்ளே அனுப்பி, இருபது நிமிஷம் கழித்து விசில், அடுத்த கும்பல். வலது ஓரத்தில் ஒரு பையன், கூட வந்தவனின் பூட்ஸைக் கடன் வாங்கிப் போட்டிருந்தான், முன்பக்கம் விரல் முட்டுவதால் குதிகாலை மிதித்துக்கொண்டே ஓடினான். கையைத் தூக்கித் தூக்கிப் பந்து கேட்டான். நடுவில் இருந்தவர்கள் ஒரே தெருக்காரர்கள் போலிருக்கிறது, தங்களுக்குள்ளேயே கொடுத்துக்கொண்டார்கள். இருபது நிமிஷத்தில் அவன் காலுக்குப் பந்து வந்தது இரண்டு முறை. அவனுக்கு ஆடத் தெரியுமா தெரியாதா என்பது அங்கே இருந்த யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை. சாயங்காலம் வாட்ஸ்அப் குரூப்பில் பதினெட்டுப் பெயர் வந்தது, அதோடு சரி.

பெங்களூரில் திறமை இல்லாமல் இல்லை மாஸ்டர். சுதந்திர இந்தியா ஒலிம்பிக்கில் ஆடிய முதல் கால்பந்து ஆட்டம் 1948இல் லண்டனில், பிரான்சோடு, பெரும்பாலும் வெறுங்காலோடு. அதில் நமக்காக விழுந்த ஒரே கோல் பெங்களூர்க்காரரான சாரங்கபாணி ராமன் அடித்தது. அந்த மாதிரி ஒரு பையன் இன்று உங்கள் வரிசையில் நின்றால் அவனைக் கண்டுபிடிக்க இருபது நிமிஷம் போதுமா?

அங்கிருந்து எடுத்துக்கொள்ளக் காசு கேட்காத விஷயங்கள் உண்டு. ஒரே காலையை மூன்று வாரத்தில் ஆறு காலையாகப் பிரியுங்கள், முதல் நாளிலேயே யாரையும் கழிக்காதீர்கள். போன வருஷ அணிப் பையன்களோடு புதுப் பையன்களைக் கலந்து நிறுத்துங்கள், நல்ல பாஸ் வந்தால்தான் ஓடத் தெரிந்தவன் யார் என்று தெரியும். எந்த இடத்தில் ஆடுவாய் என்று கேட்டு அந்த இடத்திலேயே விடுங்கள், அப்புறம் ஒருநாள் இடம் மாற்றியும் பாருங்கள், பேக் ஆடுகிறவன் நல்ல ஹாஃப் ஆகலாம். ஒரு பழைய மாணவனை மாடியில் ஏற்றி மொபைலில் படம் பிடிக்கச் சொல்லுங்கள், ராத்திரி பார்த்து நோட்டில் மார்க் எழுதுங்கள்.

முக்கியமாக, எடுக்காத பையனைக் கூப்பிட்டு எதில் குறை என்று வாயால் சொல்லுங்கள். எண்பது பேருக்கும் சொல்ல முடியாது என்பீர்கள், கடைசி வரை வந்த முப்பது பேருக்காவது முடியும், ஆளுக்கு இரண்டு நிமிஷம். இடது கால் வரவில்லை, இரண்டாவது பாதியில் மூச்சு வாங்குகிறது என்று தெரிந்தால் அவன் ஒரு வருஷம் அதைச் சரி பண்ணிக்கொண்டு வருவான். பட்டியலில் பெயர் இல்லை என்பது மட்டும் தெரிந்தால் அவன் எதைச் சரி பண்ணுவான்?

அந்த ஸ்பிரிங் கேமை நாமும் பார்க்கலாமா? எத்தனை மணிக்கு? (கே.ஆர்.புரம் வாசகர்)

பெரும்பாலும் ஏப்ரலில் சனிக்கிழமைகளில் வைப்பார்கள். அமெரிக்கக் கிழக்குப் பகுதியில் மதியம் 1 மணி என்றால் நமக்கு இரவு 10.30. ஆன்லைனில் காட்டுகிறார்களா என்று அந்தந்தக் கல்லூரியின் தளத்தில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய பெயர்கள் கொஞ்ச நேரத்தில் வெளியே வந்துவிடுவார்கள், அத்தோடு அணைத்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள், இரண்டாவது பாதியில்தான் இடம் கேட்டு வந்திருக்கிற பையன்கள் ஆடுவார்கள்.