மின் வாரியத்துக்கும் ஓட்டு!

கேள்வி: அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்துச் சாக்ரமென்டோவில் மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தேன். அங்கே கரன்ட் கொடுக்கிற அமைப்பை நடத்துபவர்களையே ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்களாம். நிஜமா சார்? அதனால் என்ன பிரயோஜனம்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: நிஜம்தான் அம்மா. பதினொரு வருடம் அந்த ஊரில் குடியிருந்தவன் நான். சாக்ரமென்டோ முனிசிபல் யுடிலிட்டி டிஸ்ட்ரிக்ட் என்ற அந்தப் பொது அமைப்பை எல்லோரும் சுருக்கமாக ‘ஸ்மட்’ என்பார்கள். ஏழு வட்டம், வட்டத்துக்கு ஓர் இயக்குநர். கட்டணத்தை முடிவு செய்வது அந்த ஏழு பேர். பக்கத்து ஊர்களுக்கு பி.ஜி. அண்ட் இ. என்ற தனியார் நிறுவனம் மின்சாரம் தருகிறது. அதன் கட்டணத்துக்கு ஒப்புதல் தருவது மாநில ஆணையம். ஆணையத்தின் ஐந்து பேரையும் ஆளுநர் நியமிக்கிறார். ஸ்மட் கட்டணம் அதைவிட வெகுவாகக் குறைவு. பிரயோஜனம் என்று கேட்டால் முதலில் இதைச் சொல்வேன்.

ஆனால் ஓட்டுப் போட்டதும் விளக்கு எரிந்துவிடவில்லை. ஸ்மட் வேண்டும் என்று மக்கள் வாக்களித்தது 1923-ல். தனியாரிடமிருந்து கம்பங்களையும் கம்பிகளையும் வாங்குவதற்குள் வழக்கு மேல் வழக்கு. மின்சாரம் கொடுக்க ஆரம்பித்தது 1946 டிசம்பர் 31 அன்று. ஓட்டுப் போட்ட வருடம் பிறந்த பிள்ளைக்கு அப்போது 23 வயது! அத்தனை வருடம் விடாமல் நின்றார்களே, அதை நினைத்தால் எனக்கு இன்றும் மரியாதை வருகிறது.

ஊருக்குத் தென்கிழக்கே ராஞ்சோ செக்கோ என்ற அணுமின் நிலையம் ஸ்மட்டுக்குச் சொந்தமாக இருந்தது. அடிக்கடி பழுது. 1985 டிசம்பரில் வந்த கோளாறால் இரண்டு வருடத்துக்கு மேல் நின்றுபோனது. சரி, தொடர்ந்து நடத்தலாமா என்று ஜனங்களையே கேட்டார்கள். 1989 ஜூன் 6 வாக்கெடுப்பில் 53 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள், மறுநாளே நிறுத்திவிட்டார்கள். அதைப் பிரித்தெடுக்கும் செலவும் அதே ஜனங்கள் தலையில்தான். தெரிந்தேதான் ஓட்டுப் போட்டார்கள். இரண்டு பெரிய குளிர்விப்புக் கோபுரங்கள் அங்கே இன்னும் நிற்கின்றன.

அப்புறம் ஸ்மட் என்ன செய்தது தெரியுமா? ஏ.சி. செலவைக் குறைக்க, 1990 முதல் வீடுகளுக்கு இலவசமாக நிழல்மரக் கன்று கொடுத்தது. நான் வாங்கிய சீனப் பிஸ்தா கன்றை மேற்குச் சுவரோரம் நட்டேன். ஆறாம் வருடம் ஜன்னலுக்கு நிழல் வந்துவிட்டது. மகள் வீட்டு மேற்குப் பக்கம் வெயில் அடிக்கிறதென்றால், கன்று கிடைக்குமா என்று ஸ்மட்டுக்கு ஒரு போன் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.