ட்ரே அப்படியே கிடந்தது

அன்புள்ள சகோதரி,

கருங்கலிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. மகள் பல் மருத்துவ உதவியாளர் படிப்பை முடித்திருக்கிறாள். நாகர்கோவிலில் ஒன்று, மார்த்தாண்டத்தில் ஒன்று என்று இரண்டு கிளினிக்குகளில் நேர்முகத் தேர்வுக்குப் போய்வந்தாள். இரண்டிலும் "சொல்லி அனுப்புகிறோம்" என்றதோடு சரி. ஆங்கிலம் பேச வராததுதான் காரணமாக இருக்கும், ஆங்கிலப் பேச்சுப் பயிற்சியில் சேர்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பணத்தைக் கட்டிவிடாதீர்கள். அவளிடம் தொலைபேசியில் அரை மணி நேரம் பேசினேன். ஆங்கிலத்தால் அவளுக்கு எந்தக் கெடுதலும் நேரவில்லை.

நாகர்கோவிலில் நடந்ததை அவளே சொன்னாள். டாக்டர் ஒரு காலி ட்ரேயை அவள் முன்னால் நகர்த்தி, கருவிகள் இருந்த அலமாரியைக் காட்டி, "46 எடுக்கப் போகிறேன், தயார் செய்" என்றாராம். இவள் கையைக் கட்டிக்கொண்டு, பல் பிடுங்குதல் என்றால் என்ன என்ற விளக்கத்தை நோட்டில் எழுதியிருந்தபடியே ஒப்பித்திருக்கிறாள். ஒப்பித்ததில் பிழை இல்லை. ட்ரேதான் அப்படியே கிடந்தது.

போன ஆண்டு என் கடைவாய்ப்பல் ஒன்றுக்கு வேர் சிகிச்சை நடந்தது. வாயைப் பிளந்துகொண்டு படுத்திருக்கிறவனுக்கு வேறு வேலை இல்லை; அந்த உதவியாளரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் நோயாளியை விட்டுக் கண்ணை எடுக்காமல் கையை மட்டும் நீட்டுவார். அடுத்த கருவி அந்தக் கையில் வந்து உட்காரும். டிரில் சுழலத் தொடங்குவதற்கு ஒரு நொடி முன்பே எச்சிலை உறிஞ்சும் சக்‌ஷன் குழாய் வாய்க்குள் இருக்கும். குழாய் உள்நாக்குப் பக்கம் போனால் எனக்கு ஓக்காளம் வரும் என்பதை முதல் தடவையிலேயே கண்டுகொண்டு, பிறகு கன்னத்தோரமாகவே பிடித்திருந்தாள். முக்கால் மணி நேரத்தில் அவள் பேசியது நாலு வார்த்தை இருக்கும். டாக்டர்கள் தேடுவது இப்படியொரு ஆளைத்தான்.

ஆகவே 46 என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்கட்டும். முதல் எண் வாயின் எந்தக் கால்பகுதி என்பதையும், இரண்டாவது எண் நடுவிலிருந்து எத்தனையாவது பல் என்பதையும் சொல்கிறது. நோயாளியின் வலது மேல் 1, இடது மேல் 2, இடது கீழ் 3, வலது கீழ் 4. அப்படியானால் 46 என்பது வலது கீழ்த்தாடையில் முதல் கடைவாய்ப்பல். பால்பற்களுக்கு இந்த முதல் எண் 5 முதல் 8 வரை போகும். வலது, இடது எல்லாம் நோயாளிக்குத்தான். எதிரே நின்று பார்க்கிற இவளுக்கு மாறித் தெரியும். பலரும் சறுக்குவது இங்கேதான்.

எண் தெரிந்தால் ட்ரே தானாக அமையும். கண்ணாடி, துருவிப் பார்க்கும் புரோப், ட்வீசர், மரத்துப்போகச் செய்யும் ஊசி, பல்லை நெம்பும் எலிவேட்டர், பிடித்து இழுக்கும் ஃபோர்செப்ஸ், பஞ்சு என்று பயன்படும் வரிசையிலேயே அடுக்க வேண்டும். கீழ்க் கடைவாய்ப்பல்லுக்கான ஃபோர்செப்ஸில் அலகு கைப்பிடிக்குக் குறுக்காக வளைந்திருக்கும். ஒரே கருவி இரண்டு பக்கத்துக்கும் ஆகும். மேல் கடைவாய்ப்பல்லுக்கு வலதுக்கு ஒன்று, இடதுக்கு ஒன்று என்று தனித்தனி. சரியானதை எடுத்து வைத்துவிட்டு, "டாக்டர், இவர் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா, சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளட்டுமா?" என்று ஒரு வரி சொன்னால் போதும். வேலை பாதி கையில் வந்த மாதிரி.

அடுத்தது நீராவியால் கருவிகளின் கிருமியைக் கொல்லும் ஆட்டோகிளேவ். 121 டிகிரி செல்சியஸ், 15 பவுண்டு அழுத்தம், 15 முதல் 20 நிமிடம் என்று எல்லோரும் ஒப்பிப்பார்கள். கருவிப் பையில் ஒட்டும், சூடு பட்டால் நிறம் மாறும் டேப்பைக் காட்டி, "டேப் நிறம் மாறிவிட்டது, கருவி சுத்தம்தானே?" என்று டாக்டர் கொக்கி போடுவார். டேப் சொல்வது சூடு பட்டது என்பதை மட்டும்தான். உள்ளே கிருமி செத்ததா என்பதற்கு அது சாட்சி ஆகாது. கருவியில் ரத்தம் காய்ந்து ஒட்டியிருந்தால் நீராவி அதைத் தாண்டிப் போகாது. அதனால் முதலில் தேய்த்துக் கழுவ வேண்டும், பிறகுதான் மற்றது. கழிவுப் பைகளின் நிறங்களையும் கேட்பார்கள். ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள், கையுறையும் சக்‌ஷன் முனையும் சிவப்பு, ஊசி வெள்ளை டப்பா, மருந்துக் கண்ணாடிக் குப்பி நீலம்.

ஒரு கேள்விக்கு மட்டும் முன்கூட்டியே மனத்தைத் தயார் செய்துகொள்ளச் சொல்லுங்கள்: "கூட்டமாக இருக்கும் நாளில் நீயே பல் சுத்தம் செய்துவிடுவாயா?" வேலை கிடைக்க வேண்டுமே என்ற அவசரத்தில் "செய்வேன்" என்று வந்துவிடும். பற்காறை எடுப்பது பல் மருத்துவருக்கும், பல் சுத்தம் செய்யப் படித்துப் பதிவு பெற்ற டென்டல் ஹைஜீனிஸ்டுக்கும் உரிய வேலை. 1948-ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டமே ஹைஜீனிஸ்டைத் தனிப் பிரிவாக வகுத்தது. உதவியாளருக்கு அந்த உரிமை இல்லை. "நீங்கள் செய்யுங்கள் டாக்டர், நான் சக்‌ஷன் பிடிக்கிறேன், அடுத்த நோயாளிக்கு ட்ரேயும் தயாராக இருக்கும்" என்று பணிவாகச் சொல்லட்டும். இதைக் கேட்டு முகம் சுளிக்கிற இடத்தில் வேலை கிடைக்காமல் போனால் வருத்தப்படாதீர்கள். நாளை ஈறு கிழிந்து நோயாளி சண்டைக்கு வந்தால் மாட்டிக்கொள்வது உங்கள் பெண்தான்.

ரத்தம் வழியாகத் தொற்றும் கல்லீரல் நோயான ஹெபடைட்டிஸ் பி-க்குத் தடுப்பூசி போட்டிருக்கிறாளா? இல்லையென்றால் இந்த வாரமே தொடங்குங்கள். மூன்று தவணை, முதல் ஊசிக்குப் பிறகு ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாவது மாதத்தில் ஒன்று. கேட்பதற்கு முன்பே அந்த அட்டையை எடுத்து நீட்டுகிற பெண்ணை எந்த டாக்டரும் மறக்கமாட்டார். தன்விவரக் குறிப்பில் மொழி என்ற இடத்தில் "தமிழ்" என்று மட்டும் போட்டிருக்கிறாள். விளவங்கோடு பக்கத்துப் பெண்ணுக்கு மலையாளம் காதோடு வந்ததாயிற்றே! களியக்காவிளை எல்லை தாண்டிக் கேரளத்திலிருந்து நோயாளிகள் வந்துபோகும் மார்த்தாண்டம் கிளினிக்கில், பயந்துபோன ஒரு பாட்டியிடம் மலையாளத்தில் இரண்டு வார்த்தை பேசத் தெரிவது சாதாரணத் தகுதியா? அதை முதலில் எழுதச் சொல்லுங்கள்.

சம்பளம், வார விடுமுறை, வேலை நேரம் மூன்றையும் அவளே கேட்கலாம். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. அசல் சான்றிதழ்களைக் காட்டலாம், நகல் கொடுக்கலாம், அசலை மட்டும் விட்டுவிட்டு வரக் கூடாது. பல் கிளினிக்கில் கூட்டமே மாலையில்தான். "எட்டரை மணிக்குப் பிறகு எப்படி வீட்டுக்குப் போவாய்?" என்ற கேள்வி கட்டாயம் வரும். நாகர்கோவிலிலிருந்து கருங்கலுக்குக் கடைசி பஸ் எப்போது, தவறவிட்டால் யார் வண்டியில் வருவார் என்பதை வீட்டில் பேசி முடித்துவிட்டு அனுப்புங்கள். அங்கே போய் நின்று "அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்றால் அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்.

அம்மா என்றதும் நினைவு வருகிறது. மார்த்தாண்டத்தில் நீங்களும் டாக்டர் அறைக்குள் போய் உட்கார்ந்தீர்களாம். "ஏன் இந்தப் படிப்பு?" என்ற கேள்விக்கும் நீங்களே பதில் சொன்னீர்களாம். கோபித்துக்கொள்ளாதீர்கள், அவள் புகாராகச் சொல்லவில்லை; சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அடுத்த முறை வெளியே பெஞ்சு வரைக்கும் போதும்.

உங்களுக்கு வேறு வேலை இருக்கிறது. வீட்டில் சாய்வு நாற்காலி இருந்தால் தினமும் இருபது நிமிடம் அதில் படுத்துக்கொள்ளுங்கள். ஒரு எவர்சில்வர் தட்டில் கரண்டி, புருவ ட்வீசர், உறிஞ்சுகுழல், பஞ்சு என்று அவள் அடுக்கட்டும். தம்பி டாக்டராக நின்று, பார்க்காமல் கையை நீட்டட்டும். அவள் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துப் பழகட்டும். நோயாளி நீங்கள், அந்த இருபது நிமிடமும் வாயைத் திறந்தபடியே வைத்திருக்க வேண்டும், நடுவில் பேச முடியாது.