தனி டிபிக்கு எந்த வயர்? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

வீட்டு மெயின் போர்டிலிருந்து மாடிக்கோ கொட்டகைக்கோ இன்னொரு டிபி (லைனைப் பல சர்க்யூட்டாகப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிப்யூஷன் போர்டு) பிரிப்பது பற்றித்தான் நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். வயரிங் வேலைதான் எனக்குத் தொழில், அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன். ஸ்கொயர் என்று வருவதெல்லாம் வயரின் உள்கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு, சதுர மில்லிமீட்டரில்.

பெருந்துறையிலிருந்து: அண்ணா, மாடியில் வாடகைக்கு ஒரு போர்ஷன் கட்டியிருக்கிறோம். ஏசி, கீசர், இண்டக்‌ஷன் அடுப்பு எல்லாம் வரும். எலெக்ட்ரீஷியன் 4 ஸ்கொயர் போதும் என்கிறார், கடைக்காரர் 10 எடு என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

முதலில் லோடைக் கணக்குப் போடுங்கள் தம்பி. 1.5 டன் ஏசி ஓடும்போது 8 ஆம்ப்ஸ் வாக்கில் இழுக்கும், 2 கிலோவாட் கீசர் 9, இண்டக்‌ஷன் 9, ஃப்ரிட்ஜ், ஃபேன், லைட் சேர்த்து ஒரு 4 என்று வையுங்கள், ஆக 30. எல்லாம் ஒரே நேரத்தில் ஓடாது என்பார்கள், குடிவருகிறவர் காலை ஏழு மணிக்கு என்ன செய்வார் என்று உங்களால் சொல்ல முடியுமா? 32 ஆம்ப்ஸ் எம்சிபி (கரண்ட் அளவுக்கு மீறினால் தானே விழும் ஸ்விட்ச்), அதற்கு 6 ஸ்கொயர் காப்பர். 4 ஸ்கொயர் வயர் சுவருக்குள் பைப்பில் போகும்போது 25 ஆம்ப்ஸுக்கு மேல் எம்சிபி மாட்ட வேண்டாம், மாட்டினால் வயர் சூடாகிக்கொண்டே இருக்கும், எம்சிபி பாட்டுக்குச் சும்மா இருக்கும். வயரைக் காப்பாற்றத்தானே அதை வைக்கிறோம். பைப் மொட்டை மாடி வெயிலில் போகிறது, அல்லது இன்னொரு ஏசி வரலாம் என்றால் கடைக்காரர் சொன்ன 10 தான் சரி. நியூட்ரலும் அதே சைஸ்.

காங்கேயத்திலிருந்து: ஏனுங்க, வீட்டிலிருந்து 60 மீட்டர் தள்ளி மாட்டுக் கொட்டகை. 2 எச்.பி. சிங்கிள் பேஸ் தட்டு வெட்டும் மெஷினும் நாலு லைட்டும்தான். 2.5 ஸ்கொயர் தாங்குங்களா? கிணற்று மோட்டார் சர்வீஸ் பக்கத்திலேயே இருக்கிறது, அதிலிருந்து எடுத்தால்?

இரண்டாவதற்கு முதலில். வேண்டாமுங்க. இலவச விவசாய சர்வீஸிலிருந்து வீட்டு உபயோகத்துக்கு இழுத்தால், 2003 மின்சாரச் சட்டம் பிரிவு 126-ன்படி அது அனுமதியில்லாத பயன்பாடு, இரண்டு மடங்கு கட்டணம் போடுவார்கள்.

இப்போது வயர். ஓடும்போது மெஷின் 11 ஆம்ப்ஸ்தான் எடுக்கும், 2.5 தாங்கும். ஆனால் கிளம்பும்போது ஐந்து மடங்கு இழுக்கும், 50-க்கு மேலே வையுங்கள். போக வர 120 மீட்டர் வயரில் 2.5 காப்பருக்கு 0.89 ஓம், அதாவது கிளம்பும் நேரத்தில் 44 வோல்ட் வழியிலேயே போய்விடும். மோட்டாரின் இழுவை வோல்டேஜின் வர்க்கத்தில் குறையும் என்பதால் மூன்றில் ஒரு பங்கு பலம் காணாமல் போகிறது. சோளத்தட்டைத் திணித்து வைத்துவிட்டு ஸ்விட்ச் போட்டால் உறுமிக்கொண்டு நிற்கும், அப்புறம் வைண்டிங் கருகும். 6 ஸ்கொயர் போட்டால் இழப்பு 18 வோல்ட், 10 போட்டால் 11. செலவு பார்த்தால் 16 ஸ்கொயர் அலுமினியம் ஆர்மர்டு கேபிள் (பாதுகாப்புக்கு மேலே இரும்புக் கம்பி சுற்றியது) எடுங்கள், 10 காப்பருக்குச் சமம், விலை குறைவு. முனைக்கு லக் என்கிற உலோகத் தொப்பி போட்டு நன்றாக அழுத்திக் கிரிம்ப் செய்ய வேண்டும், முறுக்கிச் செருகினால் ஒரு வருடத்தில் கருகும். எர்த்துக்குத் தனிக் கோர் வரும்படி 3 கோராக வாங்குங்கள். கேபிளை 75 சென்டிமீட்டர் ஆழத்தில் புதைத்து மேலே மணல், செங்கல் போடுங்கள், டிராக்டர் கலப்பை யாரையும் கேட்டுவிட்டு இறங்காது. ஆர்மர் கம்பியை இரண்டு பக்கமும் கிளாண்ட் (கேபிளைப் பெட்டியோடு இறுக்கிப் பிடிக்கும் வளையம்) போட்டு எர்த்தில் சேருங்கள்.

பல்லடத்திலிருந்து: எங்கள் எலெக்ட்ரீஷியன் பெரியவர் 3/20, 7/20 என்றே பேசுகிறார். அது ஸ்கொயரில் எவ்வளவு?

இழை எண்ணிக்கையும் கேஜும் (கம்பியின் தடிமன் நம்பர்). 7/20 என்றால் 20-ம் நம்பர் கம்பி ஏழு, சுமார் 4.6 ஸ்கொயர். 3/20 சுமார் 2. பெரியவர் சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள், கடைச் சீட்டில் மட்டும் ஸ்கொயர் எழுதி வாங்குங்கள்.

பொள்ளாச்சியிலிருந்து: புது டிபி மாட்டிய நாளிலிருந்து கீழே மெயினில் இருக்கும் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) விழுந்துகொண்டே இருக்கிறது. வயர் சிறியதோ?

வயர் சைஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மேல் டிபியின் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். நியூட்ரல் கட்டையிலிருந்து எர்த் கட்டைக்கு ஒரு சின்னத் துண்டு வயர் போயிருக்கும், பத்தில் எட்டு அதுதான். அதனால் திரும்பி வர வேண்டிய கரண்டில் கொஞ்சம் எர்த் வழியாக நழுவும், 30 மில்லி ஆம்ப்ஸ் வித்தியாசம் வருவதற்குள் ஆர்சிசிபி விழும், அதற்குத்தான் அதை வைத்திருக்கிறோம். துண்டை எடுங்கள். அப்படி ஒன்றும் இல்லையென்றால் மேல் டிபியின் நியூட்ரல் வேறு சர்க்யூட்டிலிருந்து எடுத்திருக்கிறதா என்று பாருங்கள். ஆர்சிசிபியைக் கழற்றிவிட்டால் தொல்லை தீரும் என்று யாராவது சொன்னால் அவரை அடுத்த முறை கூப்பிட வேண்டாம்.

திருப்பூரிலிருந்து: எஃப்.ஆர்., எச்.எஃப்.எஃப்.ஆர்., வயர்களில் விலை வித்தியாசத்தைப் பார்த்தால் எதை வாங்கலாம்? போலியைக் கண்டுபிடிப்பது எப்படி?

சாதாரண வீட்டுக்கு எஃப்.ஆர்., அதாவது தீ எளிதில் பரவாத பிவிசி மேலுறை வயர், போதும். மாடிப்படி வழியாக மேலே ஏறும் லைன் மட்டும் எச்.எஃப்.எஃப்.ஆர். (தீ எளிதில் பரவாத, ஹாலஜன் இல்லாத மேலுறை) போடுங்கள், பிவிசி எரிந்தால் வரும் அமிலப் புகை அதில் வராது, படிதான் தப்பிக்கும் வழி. போலிக்கு இரண்டு சோதனை. நுனியை பிளேடால் சுரண்டுங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் செம்பு பூசிய அலுமினியம். அப்புறம் சுருளை எடை போடுங்கள்: 90 மீட்டர் 6 ஸ்கொயரில் செம்பு மட்டுமே 4.8 கிலோ வர வேண்டும், மேலுறை வேறு. மொத்தச் சுருளே 4.5 கிலோ என்றால் வயருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 694 முத்திரை அச்சடித்திருந்தாலும் திருப்பிக் கொடுங்கள்.

கோபியிலிருந்து: எர்த் வயரை 1.5-ல் போட்டால் என்னங்க ஆகும்?

பேஸ் எர்த்தோடு ஷார்ட் ஆனால் முழுக் கரண்டும் அதில்தான் ஓடும், எம்சிபி விழுவதற்குள் அது உருகலாம். 16 ஸ்கொயர் வரைக்கும் பேஸ் என்ன சைஸோ எர்த்தும் அதே சைஸ், பச்சை நிறத்தில்.